பதின்மூன்று மில்லிவோல்ட்

எடெல்மீரா ஒல்மோஸ் ஆய்வுக்கூடத்து வேலைக்கு மனுப் போட்டுச் சேர்ந்தவள் அல்ல. அவள் கணவன் ரெமிஹியோவுக்கு ஓந்தா குப்பத்தில் ஒரு படகு இருந்தது. வால்பராய்சோவுக்கு வடக்கே, பாறைகளுக்கு நடுவில், பதினாறு படகுகளை மட்டும் இழுத்து ஏற்றி வைக்கக்கூடிய சின்னக் கரை அது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் கரைக்கு மேலே இருந்த பழைய பங்களாவை வாங்கி ஆய்வுக்கூடமாக்கியபோது, பெரிய கணவாய் பிடித்துத் தர ஆள் தேடினார்கள். அந்தக் கணவாய் ஓர் ஆள் உயரம் வளரும். குப்பத்தில் அதற்கு மதிப்புக் கிடையாது. விலாங்குத் தூண்டிலுக்கு இரையாக நறுக்கிப் போடுவார்கள், வேறு மீன் இல்லாத நாளில் வேகவைத்துத் தின்பார்கள். ரெமிஹியோ சரி என்று சொன்னான்.

விடிந்ததும் படகு கரையேறும். ரெமிஹியோ நேரே போய்ப் படுத்துவிடுவான். கணவாயைக் கடல் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் போட்டு மேட்டில் தூக்கிக்கொண்டு போகிற வேலை எடெல்மீராவுடையது. அங்கே டாக்டர் அபெலார்தோ ரீவாஸ் கணவாயைப் பிளந்து, உள்ளேயிருந்து ஒரு நரம்பை எடுக்கப் பாடுபடுவார். அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, நரம்பில் ஓடும் மின்சாரத்தைப் பற்றிப் படித்தவர். கை மட்டும் படிக்கவில்லை. அவர் அடுத்தடுத்து நான்கு நரம்புகளை அறுத்துக் கெடுத்ததை ஒரு நாள் எடெல்மீரா வாசலில் நின்று பார்த்தாள். ஒன்பது வயதிலிருந்து இரை நறுக்கியவள் அவள்.

"குடுங்க, நான் பாக்கறேன்," என்றாள்.

முதல் நரம்புக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேகவைத்த சேமியாவின் பருமனில், கண்ணாடி போல, ஒரு கீறல் இல்லாமல் தட்டில் கிடந்தது. மறுநாள் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். குப்பத்தில் எல்லோருக்கும் அவள் மீரா. ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அவளை மரியாதையாகத் தோன்யா எடெல்மீரா என்று அழைத்தார். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது.

அந்த நரம்பு எதற்கு என்று அவள் இரண்டாம் வாரத்தில்தான் கேட்டாள். டாக்டர் அவளை அளவுக் கருவியின் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். நரம்பின் ஒரு நுனி வழியாக மயிரிழை போன்ற மின்முனையை உள்ளே செருகி, மறு நுனியில் லேசாக மின்சாரத்தால் தொட்டார். திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைப் புள்ளி ஒரு துள்ளு துள்ளி இறங்கியது.

"கணவாய் செத்துப் போச்சே டாக்டர். இது இன்னும் என்னத்தப் பேசுது?"

"கணவாய்தான் செத்துச்சு, நரம்பு சாகல. கடல் தண்ணியில வச்சிருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

"கரண்டு நீங்க குடுக்கறதுதான?"

"நான் தட்டி எழுப்பறதோட சரி. மிச்சமெல்லாம் அதோடது. பாருங்க, வெளிய இருக்கற தண்ணியில சோடியம் ஜாஸ்தி. நரம்புக்கு உள்ள பொட்டாசியம் ஜாஸ்தி. நடுவுல ஒரு தோலு ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கு. சும்மா இருக்கறப்ப உள்பக்கம் வெளிப்பக்கத்தவிட அறுபது மில்லிவோல்ட் கீழ நிக்கும். தட்டுனா சோடியம் உள்ள பாயும், உள்பக்கம் சட்டுனு மேல ஏறிடும். அப்புறம் பொட்டாசியம் வெளிய போகும், பழையபடி இறங்கிடும். ஒரு எடத்துல இப்படி ஆனா அது பக்கத்து எடத்த எழுப்பும், அது அதுக்குப் பக்கத்த எழுப்பும். அப்படியே கடைசி வரைக்கும் ஓடும்."

"பாதி வழியில அலுத்துப் போயிடாதா?"

"அது மட்டும் கிடையாது. எழுந்தா முழுசா எழும். இல்லாட்டி எழவே எழாது."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்," என்றாள் எடெல்மீரா.

சோடியம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று அவள் கேட்டதற்கு, வாசல் மாதிரி ஏதோ இருக்க வேண்டும், இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கண்டுபிடிக்கத்தான் கடல் தாண்டி ஆட்கள் அந்தக் கரைக்கு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் எடெல்மீரா எடுத்துக் கொடுத்த நரம்பைத்தான் வைத்து வேலை செய்தார்கள்.

வேலையின் சூட்சுமம் இழுப்பில் இருந்தது. நரம்பின் இரண்டு நுனிகளையும் நூலால் கட்டி, நுண்ணோக்கியின் கீழ், சுற்றிலும் ஒட்டியிருக்கும் சவ்வை இடுக்கியால் பிடித்து நீக்க வேண்டும். பிடி தளர்ந்தால் சவ்வு வராது. கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் நரம்பின் தோலில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், உப்பு கசியும், உள்பக்கம் அறுபதில் நிற்காமல் ஐம்பதுக்கோ நாற்பதுக்கோ நழுவும். பார்வைக்கு நல்ல நரம்பும் கிழிந்த நரம்பும் ஒன்று போலவே இருக்கும். எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண் சொல்லாது, விரல் நுனிதான் சொல்லும். எடெல்மீராவின் விரல் ஆறு வருடம் தவறாமல் சொன்னது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருடக் குளிரில் அவள் வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போகத் தொடங்கின. காலையில் எழும்போது கை தன்னுடையதல்ல என்பது போல இருக்கும், உதறினால் சரியாகும். சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீரில் வேலை செய்பவளுக்கு இப்படித்தான் ஆகும் என்று நினைத்தாள். வெயில் காலம் வந்ததும் குறைந்தது. அடுத்த குளிரில் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. கையிலிருந்து பொருள்கள் நழுவின.

"கிழவி, இந்த மாசத்துல இது மூணாவது கோப்ப," என்றான் ரெமிஹியோ, தரையில் சிந்திய தேநீரைப் பார்த்து. "என்னக் குறி பாத்து எறியறியா?"

"உன்னக் குறி பாத்தா தப்பாது கிழவா. பேசாம ரொட்டியத் தின்னு."

ஆய்வுக்கூடத்தில் அவள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அங்கே அடுப்பு இருந்தது, நாற்காலி இருந்தது, ஆங்கிலம் பேசுகிறவர்கள் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே கரையில் இரை நறுக்கும் மேசைக்கு மழையிலும் கூரை கிடையாது.

அதே இரண்டு குளிர்காலங்களில் டாக்டர் ரீவாஸ் தன் குறிப்பேட்டில் ஒன்றைக் கவனித்தார். கோடையில் அறுபதில் நிற்கும் நரம்பு, அங்கே குளிர்காலமான ஜூனிலும் ஜூலையிலும் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டில் நின்றது. ஒன்றிரண்டு நரம்பு என்றால் கெட்டுவிட்டது என்று கழித்திருப்பார். ஆனால் வாரக்கணக்கில், இரண்டு வருடமும், ஒரே மாதிரி. குளிர்ந்த நீரோட்டம் வரும்போது இந்தக் கணவாய் தன் உடம்பின் உப்பை மாற்றிக்கொள்கிறது என்று அவர் முடிவு கட்டினார். கட்டுரை எழுதி ஓர் ஆங்கிலச் சஞ்சிகைக்கு அனுப்பினார். அடுத்த வருடம் செப்டம்பரில் இங்கிலாந்துக்கு வந்து பேசும்படி அழைப்பும் வந்தது. அந்த நாட்களில் அவர் படியேறும்போது சீட்டியடித்தார்.

எடெல்மீராவுக்குச் சந்தேகம் எப்போது வந்தது என்பது துல்லியமாகத் தெரிந்தது. மூன்றாவது குளிரில், ஜூன் நடுவில் ஒரு நாள் ரெமிஹியோ ஒரே ஒரு கணவாயோடு வந்தான். கணவாய்க்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய நரம்புகள். காலையில் மரத்த கையோடு இடது நரம்பை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அளந்து, "நாப்பத்தேழு," என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு அவர் வேலையாக ஊருக்குள் போய்விட்டார். அவள் வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்து ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். விரலில் உணர்வு வந்தது. டாக்டர் திரும்பி வந்ததும் வலது நரம்பை எடுத்துக் கொடுத்தாள். அது அறுபதில் நின்றது.

டாக்டர் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ஒரே கணவாய்தான் டாக்டர்," என்றாள்.

"இருக்கட்டும். எடதுக்கும் வலதுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கலாம்."

மறுநாள் அவள் காலையில் வலது நரம்பை எடுத்தாள், கையைச் சூடாக்கிய பிறகு இடது நரம்பை எடுத்தாள். அடுத்த நாள் மீண்டும் மாற்றினாள். இப்படி நான்கு கணவாய்கள். பக்கம் மாறியதால் எண் மாறவில்லை. மரத்த கை எடுத்தது கீழே நின்றது, சூடான கை எடுத்தது மேலே நின்றது. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எல்லாவற்றையும் சூடு, குளிர் என்று பிரித்து எழுதி, மடித்துத் தன் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் அந்தத் தாள் அங்கேயே இருந்தது.

இடையில் ஜூன் இருபத்தொன்பது, புனித பேதுருவின் திருநாள். குப்பத்துப் படகுகளுக்குக் காகிதப் பூ கட்டி, புனிதரின் சிலையை ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுப் போவார்கள். டாக்டர் விருந்தாளியாக ரெமிஹியோவின் படகில், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்துக்குப் போகக் கப்பலா விமானமா என்று படகிலிருந்தவர்களிடம் யோசனை கேட்டார். கப்பலில் போனால் வாந்தி வரும் என்றான் ரெமிஹியோ. இப்போதே டாக்டரின் முகம் பச்சையாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எடெல்மீரா சிரிக்கவில்லை என்பதை ரெமிஹியோ கவனித்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் கேட்டான். அவள் தாளைக் காட்டிச் சொன்னாள்.

"சொல்லாம விட்டா என்ன ஆயிடும்?"

"வேற எங்கயாவது ஒருத்தன் குளிர்காலத்துல கணவாய் பிடிப்பான். நல்ல கையோட நரம்ப எடுப்பான். அறுபதுன்னு வரும்."

"வரட்டுமே."

"டாக்டரப் பொய் சொன்னவன்னு சொல்லுவாங்க."

"உன் பேரு அதுல எங்கயும் இல்லயே கிழவி."

"பேரு இல்ல. நரம்பு நான் எடுத்தது."

ரெமிஹியோ வெகுநேரம் காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "வேல போச்சுன்னா மறுபடி இரை நறுக்கணும். இந்தக் கைய வச்சுக்கிட்டு அதுவும் முடியாது," என்றான். பிறகு, "போய்ச் சொல்லிடு," என்றான்.

மறுநாள் காலை அவள் டாக்டரின் மேசையில் தாளை விரித்து வைத்தாள். அவர் அதை முதலில் சிரித்த முகத்தோடு பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சூடுன்னா என்ன? குளிர்ன்னா என்ன?"

"என் கை டாக்டர். மூணு விரலு மரத்துப் போகுது. எவ்வளவு இழுக்கறேன்னு எனக்குத் தெரியல. கணவாய் மேல குத்தம் இல்ல."

"எத்தன நாளா?"

"கை மரத்தது ரெண்டு வருஷமா. நரம்பு கெடறது என் கையாலன்னு தெரிஞ்சு ஒம்பது நாளாச்சு."

"ஒம்பது நாளு. நேத்து படகுல என் பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நான்கு நாட்கள் அவளோடு பேசவில்லை. அவள் வழக்கமான நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் தன் கையாலேயே கணவாயைப் பிளந்து, எட்டு நரம்பைக் கெடுத்து, ஒன்பதாவதை முழுசாக எடுத்தார். ஐம்பத்தொன்பது காட்டியது. பத்தாவதும் அப்படியே. வெளியே மழை பெய்துகொண்டிருந்த ஜூலை மாதத்துக் கணவாய்தான் அது.

ஐந்தாம் நாள் சஞ்சிகைக்குத் தந்தி கொடுத்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். இங்கிலாந்துப் பயணம் நின்றது. அதற்குப் பிறகுதான் அவளிடம் வந்து, "கைய நீட்டுங்க," என்றார்.

கணவாய் நரம்புக்கு வைத்திருந்த அதே கருவிகள்தான். மணிக்கட்டுக்கு மேலே மின்சாரத்தால் தொட்டு, கட்டைவிரலின் அடிச்சதை எப்போது துடிக்கிறது என்று திரையில் பார்த்தார். முதலில் இடது கை. தொட்டதிலிருந்து சதை துடிக்கும் வரை ஆயிரத்தில் நான்கு பங்கு வினாடிக்கும் குறைவு. வலது கையில் கட்டைவிரல் துடித்தது. ஆனால் புள்ளி திரையின் நடுவைத் தாண்டிய பிறகே எழுந்தது. ஆயிரத்தில் எட்டுப் பங்கு.

"வழியில எங்கயோ தங்கிட்டு வருதே," என்றாள் எடெல்மீரா.

"மணிக்கட்டுல. அங்க ஒரு நார்ப்பட்ட இருக்கு, அதுக்கு அடியிலதான் இந்த நரம்பு போகுது. நசுங்குது."

"கணவாயோடத விட நம்ம நரம்பு தடிமனா?"

"எங்க? நூறுல ஒரு பங்குகூட இருக்காது. ஆனா கணவாயோட நரம்பு வெறும் நரம்பு. நம்மளோடதுக்கு மேல கொழுப்புச் சுத்து சுத்தியிருக்கு, நடுநடுவுல இடைவெளி விட்டு. சேதி ஒவ்வொரு இடைவெளியா தாண்டிக் குதிச்சுப் போகும். அதான் சின்னதா இருந்தும் வேகம். உங்களுக்கு அந்தச் சுத்து தேஞ்சு போயிருக்கு. குதிக்க முடியாம நடந்து வருது."

அவர் தன் கையையும் அளந்து பார்த்தார், ஒப்பிட்டுப் பார்க்க என்று சொல்லி. அவளுடைய இடது கையைவிட அவர் கை கொஞ்சம் மெதுவாகவே இருந்தது. அந்த எண்ணை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் வால்பராய்சோ மருத்துவமனையில் அறுவை நடந்தது. மயக்கம் கொடுக்காமல் கையை மட்டும் மரக்க வைத்து, அந்த நார்ப்பட்டையை வெட்டி விட்டார்கள். ஊசியை எடுத்த இளம் அறுவை மருத்துவர், கொஞ்ச நேரத்தில் கையில் உணர்ச்சி போய்விடும், பயப்படாதீர்கள் என்று அவளுக்குத் தைரியம் சொன்னார்.

"புரோகெய்னுதானே?" என்று கேட்டாள்.

"அத உங்களுக்கு யாரு சொன்னா?"

"தட்டுல ரெண்டு சொட்டு விடுவோம். சோடியம் உள்ள வர்ற வழி அடச்சுக்கும். என்ன தட்டுனாலும் புள்ளி எழாது. நல்ல தண்ணி மாத்தினா அர மணியில சரியாயிடும்."

மருத்துவர் செவிலியைப் பார்த்தார். "இந்தம்மா என்ன வேல பாக்கறாங்க?"

"கணவாய் நறுக்கறேன்," என்றாள் எடெல்மீரா.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் மூன்று மாதத்தில் திரும்பின. நடுவிரலின் நுனி முழுசாகத் திரும்பவில்லை. அவள் இடுக்கியைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டாள். பழைய பிடிக்கு எட்டு வருடப் பழக்கம் இருந்ததால் புதிய பிடி படிவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது. அந்த வருடத்தில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் நரம்பு கிடைக்காமல் முணுமுணுத்தார்கள். டாக்டர் அவர்களிடம் காத்திருக்கச் சொன்னார். அவளிடம் அந்த ஒன்பது நாளைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை. ஆனால் பழைய மாதிரி சீட்டியடித்துக்கொண்டு படியேறியதும் இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் இருவருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. கோடைக்கும் குளிருக்கும் இரண்டு மூன்று மில்லிவோல்ட் வித்தியாசம் அப்போதும் இருந்தது. அது கணவாயா, கையா, அறையின் குளிரா என்று பிரித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை. டாக்டர் அந்தத் தாள்களைக் கட்டி அலமாரியில் வைத்தார். யாருக்கும் அனுப்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கணவாய் வரத்து நின்றது. ஒரு பருவம் குறைந்தது, அடுத்த பருவம் ஒன்றுகூட இல்லை. நீரோட்டம் மாறியது என்றார்கள் சிலர். ரெமிஹியோ நாற்பது மைல் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வெறும் கையோடு வந்தான். ஆய்வுக்கூடத்தார் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் பெரிய கொட்டலசு என்ற ஓட்டு உயிரினத்துக்கு மாறினார்கள். அதன் தசையிழைகள் கண்ணுக்குத் தெரியும் பருமனில் இருக்கும், அவையும் மின்சாரத்துக்குத் துடிக்கும். எடெல்மீராவுக்கு அந்த வேலை எளிதாக இருந்தது. முதல் வாரத்திலேயே, இது நேரத்தை விழுங்காது, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வரலாம் என்று சொன்னாள்.

எழுபத்து மூன்றில் நாட்டின் ஆட்சியை ராணுவம் பிடித்த பிறகு டாக்டர் ரீவாஸ் வெளிநாடு போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும். ஒருமுறை, அங்கே கிடைக்கிற கணவாய் முழங்கை நீளம்கூட இல்லை, நரம்பை எடுக்க ஒரு கடிகாரக்காரனின் கையும் ஒரு பாதிரியாரின் பொறுமையும் வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அவள் பதில் எழுதினாள்: ஈரமான துணியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள், மூச்சை வெளியே விடும்போது மட்டும் இழுங்கள், காலையில் செய்யாதீர்கள்.

அவள் அதற்குப் பிறகும் பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தாள். கொட்டலசைப் பாறையிலிருந்து பெயர்த்து வருவது ரெமிஹியோவின் பொறுப்பு. ஆய்வுக்கூடத்துக்கு ஆறு போதும்; அவன் எப்போதும் இருபது கொண்டுவருவான். மீதியை அவள் மாலையில் வெங்காயமும் வெள்ளைத் திராட்சை மதுவும் போட்டு வேகவைத்தாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் ரொட்டியோடு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.